மேஜை நகர்ந்தது... ரோபோ தடுமாறியது!

கட்டுரைக்குள் போகும் முன் ஒரு விளையாட்டு விளையாடலாமா?

உங்க தம்பியையோ, தோழியையோ கூப்பிடுங்க. கண்ணைத் துணியால் கட்டிடுங்க. மேஜை மேல் ஒரு கொய்யாப்பழத்தை வைங்க. கண் கட்டியவர் அதை எடுக்கணும். நீங்க வாயால் மட்டுமே வழி சொல்லணும். கை பிடித்துக் காட்டினால் ஆட்டம் அவுட்!

'கொஞ்சம் இந்தப் பக்கம்' என்பீங்க. எந்தப் பக்கம்? கண்ணைக் கட்டியவருக்கு, 'இந்த' என்றால் என்ன தெரியும்? 'வலது பக்கம்' என்பீங்க. நீங்க எதிரே நிற்பதால், உங்க வலது, அவருக்கு இடது. கை காற்றில் துழாவும். பழம் உருண்டு கீழே விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

இப்போ வேறு மாதிரி செய்து பாருங்க. முதலில் அவர் கையை மேஜையின் ஒரு மூலையில் வைங்க. 'இது தான் தொடக்கம். நீள விளிம்பு வழியாக மூணு சாண் போ. அங்கிருந்து மேஜைக்கு உள்பக்கமாக ரெண்டு சாண் போ' என்று சொல்லுங்க. பழம் கையில்!

அடுத்து, பழத்தை அதே இடத்தில் விட்டு, மேஜையையே அறையின் வேறு பக்கம் நகர்த்தி, கொஞ்சம் திருப்பியும் வைங்க. தோழியின் கையை அதே மூலையில் வைத்து, அதே வார்த்தைகளைச் சொல்லுங்க. மறுபடியும் பழம் கையில்!

தொழிற்சாலையில் வேலை செய்யும் ரோபோவுக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே இது தான். இதற்கு, 'பிரேம்' அமைப்பது என்று பெயர். 'சட்டகம்' என்று தமிழில் சொல்லலாம். ஆனால், கோயம்புத்தூர் பட்டறைகளில் போய், 'சட்டகம் எங்கே?' என்று கேட்டால், சாமி படம் மாட்டும் சட்டத்தைத் தான் காட்டுவர். அதனால், நாமும் 'பிரேம்' என்றே சொல்வோம்.

கெழக்கால போ கண்ணு!

கொங்கு நாட்டு கிராமத்தில் பாட்டியிடம் வழி கேட்டிருக்கீங்களா? 'கெழக்கால போயி, கோயிலுக்குத் தெக்கால திரும்பு கண்ணு' என்பார். பாட்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும், கிழக்கு கிழக்கு தான். அது மாறாது.

டவுன் பஸ்சில் வரும் அண்ணன், 'சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க' என்பார். சோறு சாப்பிடும் கைப்பக்கம், அதாவது வலது. இது, நீங்க எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீங்க என்பதைப் பொறுத்து மாறிடும். மூன்றாவதாக ஒருத்தர், 'டீக்கடையில இருந்து நாலாவது வீடுங்க' என்பார். இவருக்கு திசையும் வேண்டாம், கையும் வேண்டாம். டீக்கடை போதும்.

ரோபோவுக்கும் இதே போல மூன்று வழி உண்டு. ரோபோ நிற்கும் இடத்தை வைத்துச் சொல்வது, பாட்டியின் கிழக்கு மாதிரி. இதை, 'வேர்ல்டு பிரேம்' என்பர். ரோபோவின் கையில் பிடித்திருக்கும் கருவியை வைத்துச் சொல்வது, சோத்துக்கை மாதிரி. இது, 'டூல் பிரேம்!' எதிரே இருக்கும் மேஜையின் மூலையை வைத்துச் சொல்வது, டீக்கடை மாதிரி; இது, 'யூசர் பிரேம்!' ரோபோ செய்யும் கம்பெனிக்கு கம்பெனி பெயர் மாறும். சில ரோபோக்களில் யூசர் பிரேமை, 'பேஸ்' என்பர். சிலவற்றில், 'வொர்க் ஆப்ஜெக்ட்' என்பர். பெயர் எதுவானாலும் டீக்கடை தான்!

ஒரு திங்கட்கிழமை...

கோயம்புத்தூர் என்றால் பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் என்று உங்களுக்கே தெரியும். 1937ல், ஜி.டி.நாயுடுவும், டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கே மின்சார மோட்டார் செய்தனர். இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வர். கோவை வெட் கிரைண்டருக்கு, புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கம் நடந்தால், தெருவுக்குத் தெரு லேத் ஓடும் சத்தம் கேட்கும். இப்போது, அந்த லேத்துகளுக்குப் பக்கத்தில் ரோபோ கைகளும் வந்து நிற்கின்றன. பி.எஸ்.ஜி., தொழில்நுட்பக் கல்லூரியில், ரோபோக்களுக்கு என்றே தனித்துறை உண்டு.

அப்படி ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுமே ஒரு சக்கரம்... 'இம்பெல்லர்' என்று பெயர். ரோபோ, கடைசல் வேலை முடிந்த இம்பெல்லர்களை மெஷினில் இருந்து எடுத்து, ஒரு தட்டில் அடுக்க வேண்டும். பணியாரக் கல்லை நினைத்துக் கொள்ளுங்க. ஒரு வரிசைக்கு, 8 குழி. மொத்தம், 5 வரிசை. ஆக, 40 குழிகள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே, 100 மில்லி மீட்டர்.

சனிக்கிழமை வரை எல்லாம் சரி. திங்கட்கிழமை காலையில் ரோபோவை ஓட்டியதும், 'டங்!'

முதல் இம்பெல்லர், குழிக்குள் விழாமல் விளிம்பில் இடித்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பெருக்கியபோது யாரோ மேஜையை லேசாகத் தள்ளியிருக்கின்றனர்.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்க. அந்த ரோபோவுக்குக் கண் இல்லை. கேமரா வைத்த ரோபோக்கள் உண்டு. ஆனால், ஏராளமான ரோபோக்கள் இன்றும் கண்ணைக் கட்டிக்கொண்டு தான் வேலை செய்கின்றன. போன இடத்திற்கே மறுபடி போவதில் கெட்டிக்காரர்கள். பல ரோபோக்கள், ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடப் பிசகாமல் போகும். மேஜை நகர்ந்தால் மட்டும் அதற்குத் தெரியாது. பழைய இடத்திற்கே, ரொம்பத் துல்லியமாகப் போய் இடித்துவிடும்!

பாலிடெக்னிக் முடித்து வேலைக்கு வந்து ஒரு மாதம் கூட ஆகாத தம்பி ஒருவர் தான், அன்று ரோபோவுக்குப் பொறுப்பு. முகம் வெளிறிப் போனது. மதியத்திற்குள் சரக்கு லாரி ஏற வேண்டும். கையில், 'டீச் பென்டன்ட்' என்ற பெட்டியை எடுத்தார். டிவி ரிமோட்டின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். அதை வைத்து, ஒவ்வொரு குழியாகத் திருத்த ஆரம்பித்தார்.

முதல் குழி, 5 மில்லி மீட்டர் தள்ளியிருந்தது. 'அப்படியானால் எல்லாவற்றுக்கும் 5 கூட்டினால் போதுமே?' என்று தானே நினைக்கிறீங்க? அவரும் அப்படித்தான் நினைத்தார். அந்த வரிசையின் கடைசிக் குழிக்குப் போய்ப் பார்த்தால், 17 மில்லி மீட்டர் தள்ளியிருந்தது!

ஏன்? மேஜை நகர்ந்ததோடு, 1 டிகிரி திரும்பியும் விட்டது. வாசல் கதவை லேசாகத் திறந்து பாருங்க. கீல் பக்கம் அசைவே தெரியாது. கைப்பிடி பக்கம் நன்றாக நகர்ந்திருக்கும். அதே போலத் தான். முதல் குழியில் இருந்து கடைசிக் குழி, 700 மில்லி மீட்டர் தூரம். 1 டிகிரி திரும்பினால், அங்கே, 12 மில்லி மீட்டர் விலகிவிடும். 5ம், 12ம் சேர்ந்தால், 17. ஆக, 40 குழிக்கும் 40 விதமான திருத்தம்!

அப்போது வந்தார், மூத்த மெக்கானிக். தலை நரைத்தவர், ஆனால், பட்டறையில் எல்லாருக்கும், 'அண்ணா' தான்.

'என்ன தம்பி, பொழுதுக்கும் இதையவே பண்ணப் போறியா?'

'மேஜை நவுந்து போச்சுங்கண்ணா... நாப்பதையும் திருத்தோணுமுங்க.'

'நாப்பது எதுக்கு? மூணு போதும். அந்த ஊசியக் கொண்டா.'

ஊசி முனையில் நாலு முத்தம்

அண்ணா கேட்ட ஊசி, தையல் ஊசி அல்ல. கூராகச் சீவிய, இரண்டு இரும்புக் கம்பிகள். ஒன்றை ரோபோவின் கையில் மாட்டினார். இன்னொன்றை, கூர் மேலே பார்க்கும்படி தரையில் ஒரு கட்டையில் நட்டார்.

எதற்கு? ரோபோவுக்குத் தன் மணிக்கட்டு எங்கே இருக்கிறது என்று தான் தெரியும். அதில் மாட்டியிருக்கும் கருவியின் முனை எங்கே என்று தெரியாது. குட்டைப் பென்சிலை விட்டுவிட்டு, திடீரென்று ஒரு அடி நீளக் குச்சியைப் பிடித்து எழுதிப் பாருங்க. எழுத்து எங்கெங்கோ போகும். கொஞ்ச நேரத்தில் நம் மூளை பழகிக்கொள்ளும், ரோபோ பழகாது. நாம் தான் சொல்லணும்.

அண்ணா, ரோபோவின் ஊசி முனையை, தரை ஊசியின் முனையோடு தொட வைத்தார். முடி நுழையும் இடைவெளி தான். அந்த நிலையைப் பதிவு செய்தார். பின், கையைச் சாய்த்து, வேறு பக்கத்தில் இருந்து வந்து, அதே முனையைத் தொட வைத்தார். இப்படி நாலு தடவை. நாலு திசையில் இருந்து.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நாலு தடவையும் முனை ஒரே இடத்தில் தான். மணிக்கட்டு மட்டும் நாலு வேறு இடங்களில். ஆனால், அந்த நாலு இடமும் முனையில் இருந்து ஒரே தூரம்! ஒரு பந்தின் மேல்தோலில் நாலு புள்ளி வைத்தால், பந்தின் நடுப்புள்ளி எது என்று கண்டுபிடித்துவிடலாம், இல்லையா? ரோபோவின் கணினி, அதைத் தான் செய்கிறது. நடுப்புள்ளி தான் ஊசி முனை. வட்டத்திற்கு மூன்று புள்ளி போதும் என்று உங்க கணக்கு வாத்தியார் சொல்லியிருப்பார். பந்துக்கு, நாலு வேணும்.

இந்த வேலை நடக்கும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு, ஒரு விஷயம் ரொம்பப் பிடித்தது. டீச் பென்டன்டின் பின்பக்கம் ஒரு பட்டன். அதை நடுத்தரமாக அழுத்திப் பிடித்தால் மட்டுமே ரோபோ நகரும். விட்டுவிட்டால், நின்றுவிடும். அது சரி... இறுக்கி அழுத்தினாலும் நின்றுவிடும்! ஏன் தெரியுமா? பயந்து போனால், சிலர் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவர். சிலர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வர். யார் எப்படிப் பயந்தாலும் ரோபோ நிற்க வேண்டுமே! கற்றுத் தரும் நேரத்தில், அதன் வேகமும், நொடிக்கு, 250 மில்லி மீட்டருக்கு மேல் போகாது. உங்க ஸ்கேல் நீளத்தை விடக் குறைவு.

மூணே மூணு புள்ளி

முனை எங்கே என்று ரோபோவுக்குத் தெரிந்துவிட்டது. இனி மேஜை.

'மொத குழியத் தொடு. அது தான் ஆரம்பம்' என்றார் அண்ணா. தம்பி தொட்டார். இது, 'ஆதிப்புள்ளி!'

'ரெண்டாவது, இந்த வரிசையிலயே இன்னொரு குழியத் தொடு.' ஆதிப்புள்ளியில் இருந்து இந்தப் புள்ளி வரை போடும் கோடு தான், எக்ஸ் அச்சு.

'மூணாவது, அடுத்த பக்கமா ஒரு குழி.' இது, ஒய் அச்சு எந்தப் பக்கம் என்று சொல்லும்.

அவ்வளவு தான். உயரம் காட்டும் இசட் அச்சைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். வலது கையை நீட்டுங்க... சோத்துக்கை தான்! ஆள்காட்டி விரல் நேராக முன்னே, அது, எக்ஸ். நடுவிரலை இடது பக்கமாக மடக்குங்க; அது, ஒய். கட்டை விரல் தானாக மேலே நிற்கிறதா? அது தான், இசட். உலகத்தில் எந்த ஊர் ரோபோவுக்கும் இதே மூன்று விரல் தான்.

இப்போது, 40 குழிகளும் ரோபோவுக்கு எப்படித் தெரியும்? முதல் வரிசை, ஆதிப்புள்ளியில் இருந்து, 0, 100, 200 என்று, 700 வரை. அடுத்த வரிசை, ஒய் பக்கம், 100 தள்ளி. மேஜை எவ்வளவு நகர்ந்தாலும், திரும்பினாலும், இந்த எண்கள் மாறுமா? மாறாது. உங்க கொய்யாப்பழத்தின் மூணு சாண், ரெண்டு சாண் மாறியதா என்ன?

தம்பி உற்சாகமாக ஓட்டினார். முதல் இம்பெல்லர் அழகாக உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. மூன்றாவது கொஞ்சம் உரசியது. எட்டாவது, 'டங்!'

அண்ணா சிரித்துவிட்டார். அவருக்கு இது முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று தான் சும்மா இருந்திருக்கிறார். (எனக்கு அப்படி ஒரு வாத்தியார் இருந்தார். அப்போது கோபமாக வரும்!)

'ரெண்டாவது புள்ளி எங்க வெச்சே?'

'பக்கத்துக் குழிதானுங்கண்ணா...'

சிக்கல் அங்கே தான். பக்கத்துக் குழி, 100 மில்லி மீட்டர் தூரம். அங்கே தொடும்போது, கண் அளவில், 1 மில்லி மீட்டர் தவறிவிட்டது. 100க்கு 1 என்றால், 200க்கு 2, 700க்கு, 7! கோடு நீள நீள, தவறும் வளரும். அதே, 1 மில்லி மீட்டர் தவறை, கடைசிக் குழியில் செய்திருந்தால்? 700க்கு, 1 தான். நடுக் குழிகளில் அதை விடவும் குறைவு. ஆக, இரண்டாவது புள்ளியை எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ, அவ்வளவு தூரத்தில் வைக்கணும்.

நீங்களும் சோதிக்கலாம். ஒரு நோட்டில், 1 செ.மீ., இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, அவற்றின் வழியாக, 20 செ.மீ., கோடு போடுங்க. நண்பனையும் அதே புள்ளிகள் வழியாகப் போடச் சொல்லுங்க. இரண்டு கோடும் கடைசியில் எவ்வளவு விலகி நிற்கிறது பாருங்க.

தொடக்கத்தைச் சரியாக வைப்பதற்காக வெயிலில் வாடியவர்களும் உண்டு. 1802 ஏப்ரல் 10ல், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை பரங்கிமலைப் பக்கம் ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். நீளம், ஏறக்குறைய, 12 கி.மீ., தான், ஆனால், அளக்க ஒரு மாதத்திற்கு மேல் ஆனது. அந்த ஒரு கோட்டில் இருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகப் போட்டு, நாட்டையே அளந்தனர். நம் கோவைச் சீமைக்கும் வந்தார் லாம்டன். அவர் தன் குறிப்பில், 'புட்சபோலியம்' என்று எழுதிவைத்த ஊரில், நட்சத்திரங்களைப் பார்த்து அந்த இடத்தின் அட்சரேகையைக் கணக்கிட்டார். வெள்ளைக்காரர் வாயில் நம் பாளையம் பட்ட பாட்டைப் பார்த்தீங்களா?

ஈ சொன்ன கதை

எக்ஸ், ஒய் என்று எண்ணால் இடத்தைச் சொல்லும் வழியை, 1637ல் வெளியான தன் புத்தகத்தில் வளர்த்தெடுத்தவர், பிரான்ஸ் நாட்டு அறிஞர் டெக்கார்ட். படுக்கையில் கிடந்தபடி, கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை தான். நிஜமாக நடந்தது என்பதற்குச் சான்று கிடையாது. 9ம் வகுப்பு அண்ணன், அக்காவிடம் கேளுங்க... 'ஆயத்தொலை வடிவியல்' என்று ஒரு பாடம் இருக்கும். அது, இது தான்.

தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன முதல் ரோபோ, 'யுனிமேட்!' ஜார்ஜ் டெவால் கண்டுபிடிக்க, ஜோசப் எங்கல்பெர்கர் அதைத் தொழிலாக்கினார். 1961ல், அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. அச்சில் வார்த்த, சுடச்சுட இருக்கும் உலோகத் துண்டுகளை எடுத்து அடுக்குவது தான் வேலை. நம் ஊர் பவுண்டரிக்காரர்களைக் கேட்டால், அந்த வேலையின் கஷ்டம் சொல்வர். யுனிமேட், தன் மூட்டுகள் எவ்வளவு திரும்பின, நீண்டன என்பதை நினைவில் வைத்து, அப்படியே திருப்பிச் செய்யும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி. நடுவில் ஒன்று மாறினால், முதலில் இருந்து சொல்லித் தரணும்.

1969ல், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலையில், விக்டர் ஷைன்மன் என்பவர், கணினியே இயக்கும்படி, ஆறு அச்சுக் கை ஒன்றை வடிவமைத்தார். 'மூலையில் இருந்து இத்தனை தூரம்' என்று சொன்னால், ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு திரும்பணும் என்று கணினி போட்டுக்கொள்ளும் காலம் அப்படித் தான் வந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால், அண்ணாவின் மூணு புள்ளிக்கு வேலையே இல்லை.

சரி, நம் பட்டறைக்கு வருவோம். தம்பி, இரண்டாவது புள்ளியை எட்டாவது குழிக்கு மாற்றினார். மூன்றாவது புள்ளியை, ஐந்தாவது வரிசைக்குக் கொண்டுபோனார். இந்த முறை ஓட்டும் முன், குனிந்து, ஊசி முனையை மூன்று பக்கம் இருந்தும் பார்த்துக்கொண்டார். பின், கம்பியைக் கழற்றி, இம்பெல்லரைப் பிடிக்கும் பழைய கொறடாவை மாட்டி, அதன் டூல் எண்ணுக்கு மாற்றினார். மாற்ற மறந்திருந்தால், இன்னொரு 'டங்' கேட்டிருக்கும்.

எட்டாவது இம்பெல்லர், சத்தமில்லாமல் குழிக்குள் இறங்கியது. நாற்பதாவது இறங்கும் வரை, அவர் கையைப் பென்டன்டில் இருந்து எடுக்கவில்லை.

லாரி வர, இன்னும் நேரம் இருந்தது. தம்பி, சுத்தியலும், 'சென்டர் பஞ்ச்' என்ற கூர் உளியும் எடுத்து வந்தார். மேஜையின் மூன்று மூலைகளில், 'டக்... டக்... டக்!' குண்டூசி முனை அளவு, மூன்று குழிகள். பக்கத்தில் பெயின்டால், 1, 2, 3 என்று எழுதினார்.

'எதுக்கு தம்பி?' என்று கேட்டேன்.

'அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூட்டுவாங்கள்ளங்க... நான் லீவுல இருந்தாலும், வேற யாராச்சும் இதையவே தொட்டுக்குவாங்க' என்றார்.

அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. எழுத்து காய்வதற்குள், அதன் மேல் தன் டீ டம்ளரை வைக்கப் போனவர், சட்டென்று தள்ளி வைத்தார்.